வேலிப் புலுனியும் வெளிநாட்டு உள்ளானும்

பறவைகளைக் காணவேண்டுமாயின் வில்பத்துக்கோ குமணவுக்கோ போகவேண்டும் என்பது நம்மவரிற் பலருடைய எண்ணம். வாகனம் வேண்டும், விடுதி வேண்டும், அனுமதிச் சீட்டு வேண்டும். இவையெல்லாம் கைகூடும் நாள்வரை முற்றத்து மாமரத்திலிருந்து கூவுவது எதுவென அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானோ வடமராட்சியில் வாழும் ஓர் ஆசிரியன். எனக்கு வாய்த்தவை இரண்டு கால்களும், பழைய தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றும், சனி ஞாயிறு விடுமுறையுமே. இவற்றைக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு காலை நடைத் தூரத்துக்குள் பல ஆண்டுகளாகக் கண்டவற்றிற் சிலவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் வேலியைச் சொல்லவேண்டும். எங்கள் வளவின் மேற்குப்புறத்தில் இன்னும் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கலந்த உயிர்வேலி நிற்கிறது. அதன் அடிவாரத்துச் சருகே புலுனிக் கூட்டமொன்றின் இராச்சியம். புலுனிகள் ஒருபோதும் தனித்து வருவதில்லை. ஆறு ஏழு சேர்ந்தே வரும். ஆங்கிலேயர் அவற்றை ஏழு சகோதரிகள் என அழைத்தமை பொருத்தமே. சருகைக் கிளறிப் பூச்சி பொறுக்கும்போது ஒன்று மட்டும் உயரத்திற் காவல் இருக்கும். பூனையின் தலை தெரிந்தாற் போதும், அயல்வீட்டார் வேலிச் சண்டையெனத் திரும்பிப் பார்க்குமளவுக்கு ஆரவாரம் எழும். குஞ்சு வளர்ப்பதிலும் இவை கூட்டுக் குடும்பத்தினவே. பெற்றவை இரண்டோடு மற்றவையும் இரை கொண்டுவந்து ஊட்டுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்தக் கூட்டுக் குடும்பத்தின் இளகிய மனத்தை நன்கறிந்த ஒருவர் உண்டு, அவர் சுடலைக்குயில். கறுப்பும் வெள்ளையுமான மேனி, தலையிற் கொண்டை, பார்வைக்குக் கனவான். புலுனியின் முட்டை நீலநிறமானது. சுடலைக்குயில் இடும் முட்டையும் ஏறக்குறைய அதே நிறத்தது. ஒருநாள் முருக்கங் கொப்பிலே, தம்மிலும் பெரிதாய் வளர்ந்துவிட்ட கொண்டைக் குஞ்சொன்றுக்கு நான்கு புலுனிகள் முறைவைத்து ஊட்டிக்கொண்டிருந்தன. அக்குஞ்சின் வாய் மூடவே இல்லை. அந்த நால்வரில் ஒருவருக்கேனும் ஐயம் தோன்றியிராதா என எண்ணிச் சிரித்தேன். பின்பு, பிறர் பிள்ளைகளை வளர்த்தே தலைநரைத்த என் தொழிலை நினைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

புலுனி தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயல்பாக வாழாத பறவை. நமக்கு அது வேலியிற் கிடக்கும் மலிவான குருவி, உலகத்துக்கோ அரும்பொருள். ஆயினும் வேலிதான் அருகுகிறது. எங்கள் ஒழுங்கையில் நான் சிறுவனாய் நடந்த காலத்தில் இருபுறமும் வேலிகளே இருந்தன. இன்று பெரும்பகுதி சீமெந்து மதில். மதில் கட்டுபவரைக் குறைகூற முடியாது. ஆண்டுதோறும் வேலியடைக்க ஓலையும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் மதிலிலே செண்பகம் நுழைந்து மறைய முடியாது. தையற்சிட்டு இலை தைக்க முடியாது. புலுனிக்குக் கிளறச் சருகு விழாது. மதிலின்மேற் காகம் மட்டும் சௌகரியமாக இருக்கிறது.

ஒழுங்கை கடந்து பிரதான வீதிக்கு ஏறினால் பனங்கூடல். அங்கே பனை உழவாரன் என்னும் சிறு பறவை, அரிவாளை ஒத்த சிறகுகளோடு ஓயாமற் சுழன்றுகொண்டிருக்கும். காய்ந்து தொங்கும் ஓலையின் உட்புறத்தில் இறகுத் துணுக்குகளைத் தன் உமிழ்நீரால் ஒட்டி அது கூடு செய்கிறது. முட்டைகளையும் அவ்வாறே ஒட்டிவிடுகிறது. இல்லையேற் சோளகக் காற்றில் அவை என்னாகும்! அடுத்து நிற்கும் பனையிலே தூக்கணாங்குருவியின் கூடுகள் ஆடும். கூட்டைப் பின்னுபவர் ஆண். பாதி பின்னியதும் பெண் வந்து உள்ளே நுழைந்து சோதிக்கும், பிடிக்காவிடின் போய்விடும். கூட்டினுள்ளே களிமண் உருண்டை அப்பியிருக்கும். அதிலே மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்று எங்கள் அப்பாச்சி சொல்வார். மண் இருப்பது மெய், விளக்குத்தான் அப்பாச்சியினுடையது.

எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் அக்கூடலிற் பல இருந்தன. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின்னும் நெடுங்காலம் அவை மொட்டைத் தூண்களாய் நின்றன. உச்சி உக்கி உட்குழிந்தபோது பச்சைக்கிளிகள் வந்து குடியேறின, நாகணவாய்கள் வந்தன, ஒன்றிலே ஆந்தை இருந்தது. பிறகு மாரிக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று எனத் தூண்கள் சரிந்தன. சில விறகாயின. கிளிகள் அடுத்த தூணுக்கு மாறின.

கூடலுக்கு அப்பால் வல்லை வெளி. நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் பஸ்ஸின் யன்னலூடாக ஐந்து நிமிடம் கண்டு கடக்கும் இடம் அது. மரமில்லை, வீடில்லை, முனியப்பர் கோவிலும், பாலமும், தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் நீருமே உள. ஆவணி மாதத்தில் நீர் வற்றி, தரவை வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கும்போது இங்கு எவ்வுயிரும் வாழாதென்றே எவரும் சொல்வர். அப்படித்தான் என்னோடு நடக்க வந்த மாணவர்களும் சொன்னார்கள்.

அன்றைக்கு எங்களுக்கு முன்னே, உள்ளங்கையுட் கொள்ளத்தக்க மண்ணிறப் பறவையொன்று குடுகுடுவென ஓடியது, நின்றது, மீண்டும் ஓடியது. பின்பு ஒரு சிறகை முறிந்ததுபோல் விரித்துத் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டத் தொடங்கியது. "சேர், பாவம், காயம் பட்டிருக்கு" என்று ஒரு மாணவி பதறி அதன்பின் ஓடப் புறப்பட்டாள். அவளை அப்படியே நிற்கச் சொன்னேன். எல்லாரும் காலடியைப் பார்த்தோம். அவளுடைய பாதத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், மாட்டின் குளம்புத் தடமொன்றிலே, இரண்டு முட்டைகள் கிடந்தன. மண்ணின் நிறம், மண்ணின் புள்ளி. சுட்டிக்காட்டிய பின்னரும் இரண்டுபேருக்கு அவை தெரியவில்லை. நாங்கள் வந்த சுவட்டிலேயே பின்வாங்கினோம். முறிந்த சிறகு அக்கணமே நேராயிற்று.

நூல்கள் உப்புக்கொத்தி என வழங்கும் இனத்தினது அது. நீண்டகாலமாக இதனை ஐரோப்பாவிலும் ஆசியாவின் பிறபகுதிகளிலும் வாழும் உப்புக்கொத்தியின் ஒரு பிரிவென்றே கொண்டிருந்தனர். ஆகவே இங்கிலாந்தின் கென்ற் என்னும் பிரதேசத்தின் பெயரே வல்லை வெளிப் பறவைக்கும் வழங்கிற்று. அளவிலும் நிறத்திலும் மரபணுவிலும் இது வேறானது என்பதை ஆராய்ந்து, 2023ஆம் ஆண்டில் தனியினமெனக் காட்டினர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வதாதலால் அனுமானின் பெயரை இதற்குச் சூட்டினர். கடலைத் தாவியவன் பெயர், இரு கரையையும் ஊராகக் கொண்ட பறவைக்கு வாய்த்தது நன்றே. அம்மாணவி பின்பு என்னைக் கேட்டாள்: "அதுக்கு முந்தி எங்கட ஆக்கள் அதை என்னெண்டு கூப்பிட்டவை, சேர்?" உள்ளான் என்றே கூப்பிட்டார்கள் என்றேன். கரையில் ஓடும் சிறு பறவை யாவும் நம் ஊரில் உள்ளானே.

வாடை தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை பெய்ததும் வெளியின் வேடம் மாறும். புழுதி பறந்த இடத்தில் நீர்ப்பரப்பு. ஊசிவாற் தாராக்கள் கூட்டங் கூட்டமாய் இறங்கும். சில ஆண்டுகளிற் பூநாரையும் வரும்; அலகைத் தலைகீழாகத் திருப்பிச் சேற்றுநீரை வடித்துண்ணும் அதன் இளஞ்சிவப்பு அதன் உணவிலிருந்தே வருவது. பூநாரை வந்த செய்தி பரவினால் துவிச்சக்கர வண்டிகளும் கார்களும் வீதியோரத்தில் நிற்கும். எனக்கோ அதன் காலடியில் ஓடும் உள்ளான்களிலேதான் கண். வளைந்த அலகுடைய உள்ளானொன்று ஐம்பது அறுபது கிராம் நிறைதான் இருக்கும். சைபீரியாவின் வடகோடியில், மரமே முளைக்காத பனிநிலத்திலே முட்டையிடும் அப்பறவை, வல்லைப் பாலத்தருகே சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இவ்வழியில் ஐயமுடையோர்க்குச் சான்றும் இப்போது உண்டு. மன்னாரில் முதுகிலே சிறு கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகமொன்று ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தை அடைந்ததை விண்கோளின் துணையோடு ஆய்வாளர் பின்தொடர்ந்து கண்டனர்.

நிற்க. வல்லையில் இவ்வாறு நின்று பார்க்க எக்காலத்திலும் இயன்றது என்று இளையோர் எண்ணிவிடக்கூடாது. போர்க்காலத்தில், வெட்டவெளியிலே தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு நிற்பவன் உள்ளானைத்தான் பார்க்கிறான் என்று எத்தரப்பாரும் நம்பியிரார். கரையோரங்களிற் பல, மக்கள் கால்வைக்க முடியாத வலயங்களாயின. கண்ணிவெடி புதைந்த நிலங்களிலே பறவைகள் அச்சமின்றி முட்டையிட்டன. ஆனால் அவற்றைக் கண்டு, பெயர் சொல்லி, பிள்ளைக்குக் காட்டும் மனிதர் அங்கே இல்லை. கால் நூற்றாண்டு என்பது பறவைக்குப் பல தலைமுறை. மனிதருக்கு ஒரு தலைமுறை. அந்த ஒரு தலைமுறையிலே பெயர்களிற் பல நழுவிவிட்டன. பத்தாம் வகுப்பு மாணவர்க்குப் பிளமிங்கோ தெரிகிறது. கூழைக்கடா எது என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

பெயரிலே என்ன இருக்கிறதெனச் சிலர் கேட்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை அரசாங்க சேவையிலிருந்த எட்கார் லேயார்ட் என்பவர் பருத்தித்துறையில் இருந்து பறவைகளைச் சேகரித்தவர். 1854ஆம் ஆண்டில் அவர் புதிதாக விவரித்த ஈப்பிடிப்பான் ஒன்றின் அறிவியற் பெயர் 'முத்துயி' என முடியும். அந்த முத்து வேறெவருமல்லர். லேயார்டின் வேலையாளான தமிழர். தம் சிறந்த பறவைகள் பலவற்றை முத்துவின் பொறுமையாலும் விடாமுயற்சியாலுமே பெற்றதாக லேயார்ட் எழுதிவைத்தார். அந்தக் குருவியை முத்து அவரிடம் கொண்டுவந்து கொடுத்ததும் பருத்தித்துறையிலேதான். பழுப்பு மார்பு, சிறிய உருவம், நிழலில் அடங்கியிருக்கும் இயல்பு. வடகிழக்கு இந்தியாவிலும் தென்சீனத்திலும் குஞ்சு பொரித்து, மாரிக்கு நம் நாட்டுக்கு வருவது. கவர்னர்களினதும் அவர்தம் மனைவியரதும் பெயர்கள் பறவைகளுக்குச் சூட்டப்பட்ட காலத்தில், ஒரு வேலையாளின் பெயர் இன்றுவரை உலகமெங்கும் அச்சாகி வருகிறது.

முத்துவைப்போன்றவர்களின் வாய்ச்சொல்லே பின்வந்த நூல்களுக்கும் ஊற்றாயிருந்தது. 1880இல் நிறைவெய்திய லெக்கின் இலங்கைப் பறவை வரலாறும், 1955இல் வெளியான ஹென்றியின் கைந்நூலும் சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் குறித்துள்ளன. நம் பாட்டன்மார் நாவிலிருந்து சென்ற சொல்லை நாம் ஆங்கில நூலைப் புரட்டித் தேடிக்கொள்கிறோம். கிடைக்கும்வரை நன்று. ஆனால் நூலிலுள்ள பெயர் எந்தக் குரலுக்கு உரியது, எந்தக் காற்றோடு வருவது என்பதைக் காட்ட ஓர் ஆள் வேண்டுமே.

அதற்கு எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஐப்பசி மாதக் காலையில், எங்கள் பாடசாலைக் கிணற்றடியில் மாணவர் கூட்டம். சென்று பார்த்தால், தொட்டியின் மூலையிலே குறுவாற் பறவையொன்று ஒடுங்கியிருந்தது. பச்சை முதுகு, கண்ணூடே கறுப்புப் பட்டை, சிறகில் நீலம், வாலடியிற் குங்குமச் சிவப்பு. வட இந்தியர் இதை நவரங்கம் என்பர். இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு, இரவிலே பறந்து தெற்கே வருவது. கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். நெடும்பயணத்தின் கடைசிப் படியான அதைக் கடந்ததும், களைத்து எந்தக் கூரையின்கீழும் விழுந்துவிடும். என்ன பறவையென்று ஆசிரியர் அறையில் எவருக்கும் தெரியவில்லை. பாடசாலையைக் கூட்டும் அம்மா மட்டும் விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு, "ஐயோ, உது ஆறுமணிக் குருவியெல்லே! பின்னேரம் வரைக்கும் இருட்டிலை விடுங்கோ பிள்ளையள், தானாப் போயிடும்" என்றார்.

காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, ஆய்வுகூடத்தின் இருண்ட மூலையில் விட்டோம். மாலை ஆறுமணிக்குச் சற்று முன்பு வேலிக்கருகிற் பெட்டியைத் திறந்தேன். துள்ளி இறங்கி, சருகிற் சிறிது நின்று, இரண்டு சீழ்க்கை கொடுத்தது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பெயரிலே என்ன இருக்கிறதெனக் கேட்ட ஒரு நண்பர் அன்று என்னருகே நின்றார். அதன்பின் அவர் கேட்கவில்லை.

இன்னொரு நடை மணற்காட்டுக்கு. வல்லிபுரத்தைக் கடந்து கிழக்கே சென்றால் வீதியே மணலாகி, மணலே மலையாகிவிடும். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் பிடித்துநிற்கும் மேடுகள், நடுவே மணலிற் புதையுண்ட பழைய தேவாலயத்தின் சுவர்கள், அப்பாற் சவுக்கங்காடு. 2004ஆம் ஆண்டு மார்கழி ஆழிப்பேரலை இக்கரையைக் கொடிதாகத் தாக்கிற்று. அதைக் கண்ட முதியவர் ஒருவர் மீன்வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணாடியை வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்ரர், உதாலை பாத்து என்ன செய்யப்போறியள்? ஆலா தலைகீழா விழுகுது பாருங்கோ, அந்த இடத்திலை சூடை மேலை நிக்கும். சும்மா சுத்திக்கொண்டு திரிஞ்சுதெண்டால் மீன் ஆழத்திலை." ஆலாக்களில் எத்தனை இனம் என்று எனக்குத் தெரியும், அவை என்ன சொல்கின்றன என்று அவருக்குத் தெரியும்.

வைகாசியில் அம்மேடுகளின் சரிவிலே பஞ்சுருட்டான்கள் வளை தோண்டும். பச்சை மேனி, வாலின் நடுவே கம்பிபோல் நீண்ட இரண்டு இறகு. ஒருமுறை ஒரு சரிவில் ஏழு வளைகளை எண்ணினேன். தும்பியைக் கௌவியபடி கம்பத்திலிருந்து வளைக்குள் நேராகப் புகும் வேகம் வியக்கத்தக்கது. மறு கிழமை சென்றபோது சரிவு இல்லை. உழவு இயந்திரத்தின் தடம் வந்து, திரும்பி, போயிருந்தது. பறவைகள் இரண்டு, வெறும் காற்றிலே, முன்பு வளைவாயில் இருந்த உயரத்திற் படபடத்துக்கொண்டு நின்றன. அலகிலே இரை இருந்தது.

வீடு கட்ட மணல் வேண்டும். போரிலும் அலையிலும் வீடிழந்தோர் நாட்டில் அதை மறுக்க எனக்கு வாயில்லை. ஆனால் இக்குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மழைநீர் மண்ணினூடே இறங்கித் தங்குவதாலேயே கிணறுகள் ஊறுகின்றன. மணல்மேடு அந்த நன்னீரைத் தாங்கும் சாடி. கடலுக்கு அணையும் அதுவே. மணற்காட்டில் ஒரு முழம் தோண்டினால் இனிய நீர் ஊறிய இடங்களை அம்முதியவர் கையாற் சுட்டிக் காட்டினார். அவற்றுள் இரண்டு இப்போது பள்ளங்கள். ஒன்றில் நீர் நின்றது; வாயில் வைத்துப் பார்த்தேன்; உவர்.

எங்கள் பாடசாலை மாணவர் எண்மர் இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை நடையிற் கண்டது, இடம், திகதி, எண்ணிக்கை. கடைசி நிரலில் வீட்டிலுள்ள மூத்தோர் சொல்லும் பெயர். கூட்டும் அம்மாவிடமிருந்து மட்டும் பதினொரு பெயர் எழுதிக்கொண்டார்கள். சிலவற்றில் ஒரே பெயர் இரண்டு பறவைக்கு வருகிறது. சிலவற்றில் ஒரே பறவைக்குக் கரையூரில் ஒன்றும் தோட்டக்காரரிடம் வேறொன்றுமாக வழங்குகிறது. ஒன்றையும் அழிக்கவேண்டாம், கேட்டபடியே எழுதுங்கள் எனச் சொல்லியிருக்கிறேன்.

சென்ற பங்குனிக் கடைசியில் அவர்களோடு வல்லைக்குப் போனேன். நீர் சுருங்கிப் பாலத்தருகே மட்டும் நின்றது. மாரி முழுவதும் சாம்பல் நிறமாயிருந்த வளையலகு உள்ளான்கள் சில மார்பிலே செங்கல் நிறம் ஏறி, வேறு பறவைபோல் நின்றன. பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடம்பிற் சேர்த்துக்கொண்டு, தலைநிமிராமற் குத்திக்கொண்டிருந்தன. நூற்றுநாற்பத்தாறு என்று ஒருவன் எண்ணினான். நூற்றைம்பத்திரண்டு என்று மற்றவள். இரண்டையும் எழுதினார்கள். சித்திரை பிறந்து இரண்டாம் கிழமை மீண்டும் போனோம். வெளியில் உள்ளான் ஒன்றேனும் இல்லை. சோளகம் இன்னும் எழவில்லை. உப்புமட்டும் அங்கங்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளையின் நடுவே உப்புக்கொத்திகள் இரண்டு, குளம்புத் தடம் ஒவ்வொன்றாக நின்று பார்த்து, ஓடிக்கொண்டிருந்தன.